கண் செக்கப்புக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி

விருதுநகர்ப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு 43 வயது, இதுவரை கண்ணாடி போட்டதில்லை. அம்மாவுக்கு 66, பத்து வருடமாகச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணில் இருவருக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரித் தொந்தரவு ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று அடுத்த வாரம் மதுரைக்குக் கிளம்புகிறார்கள், பைக்கிலேயே. வெறும் வயிற்றில் போக வேண்டுமா, மாத்திரையை நிறுத்த வேண்டுமா, சொட்டு மருந்து அவசியமா, கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்பது கேள்வி.

நான் டாக்டர் இல்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒருவர் உங்களை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் ஒரு கனமான ஃபிரேமை மாட்டி, "மேல இருந்து படிங்க" என்பாரே, அந்த வேலையை 23 வருடம் பார்த்தவன். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வயிறு. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சாதாரணக் கண் பரிசோதனைக்குப் பட்டினி தேவையே இல்லை. ரத்தம் எடுக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு காலையில் காபிகூடக் குடிக்காமல் வருகிறவர்கள் நிறையப் பேர். அதிலும் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, இட்லியை விட்டுவிட்டு வருவதுதான் ஆபத்து. டோக்கன் வாங்கி, ஒவ்வொரு அறையாகப் போய் வருவதற்குள் மதியம் ஆகிவிடும். பதினோரு மணி வாக்கில் வரிசையில் வேர்த்து விறுவிறுத்துச் சாய்ந்தவர்களுக்கு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்த அனுபவம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அம்மாவின் பையில் பிஸ்கட், ஒரு தண்ணீர் பாட்டில், மதிய மாத்திரை இருந்தால் அந்த மாத்திரை, இவை இருக்கட்டும். வழக்கமான மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரஷர் மாத்திரையைக் கண்டிப்பாகப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். கையில் ஊசி போட்டு விழித்திரையைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராம் மாதிரி ஏதாவது தேவைப்பட்டால், சாப்பாட்டு விஷயத்தை அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது அந்தச் சொட்டு மருந்து. உங்கள் திட்டத்தில் எனக்கு இடிக்கிற இடம் இதுதான். இரண்டு பேரும் ஒரே நாளில் பார்க்கப் போகிறீர்கள், இரண்டு பேருக்கும் கண்மணியை விரிக்கும் மருந்து போடுவார்கள். அப்புறம் மதுரையிலிருந்து பைக்கை ஓட்டிக்கொண்டு வருவது யார்?

மருந்து போட்டு அரை மணி நேரத்தில் கண்மணி விரியும். நம் ஊர்க்காரர்களுக்குக் கண்ணின் நிறம் அடர்த்தி என்பதால் கொஞ்சம் தாமதமாகவே விரியும். இரண்டு தடவை, மூன்று தடவைகூடப் போட வேண்டியிருக்கும். விரிந்தது சுருங்க நான்கு முதல் ஆறு மணி நேரம், சிலருக்கு மறுநாள் காலைவரை. அதுவரை கைக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். வெயிலைப் பார்த்தால் கண் கூசும். எதிரே வருகிற லாரியின் கண்ணாடியில் சூரியன் பட்டால் ஒரு நொடிக்கு ஒன்றுமே தெரியாது. பஸ்ஸில் போங்கள், அல்லது மூன்றாவதாக ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முடியாவிட்டால் இருவரும் வேறு வேறு நாளில் போங்கள். கூலிங் கிளாஸ் இருந்தால் பையில் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு தொப்பி, அம்மாவுக்கு முந்தானை போதும். இன்னொன்று: கையெழுத்துப் போட வேண்டிய படிவம், பணம் கட்டுவது, பில்லைச் சரிபார்ப்பது எல்லாவற்றையும் சொட்டு மருந்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். போட்ட பிறகு மொபைலில் ஓடிபிகூடப் படிக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் நீட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

இவ்வளவு தொந்தரவு என்றால் அந்த மருந்தே வேண்டாம், கண்ணாடி நம்பர் மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உங்களுக்கும் தோன்றலாம். தயவுசெய்து கேட்காதீர்கள், முக்கியமாக அம்மா விஷயத்தில். கண்மணி என்பது கதவில் இருக்கும் சாவித் துவாரம் மாதிரி. அது வழியாக இருட்டு அறையை எட்டிப் பார்த்தால் நேர் எதிரே இருக்கும் நாற்காலி தெரியும், மூலையில் ஒழுகுகிற சுவர் தெரியாது. கதவைத் திறந்தால்தான் தெரியும். சர்க்கரை கண்ணைக் கெடுப்பது விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்களில். அங்கே கசிவு தொடங்கியும் வெகுகாலம் வரை பார்வை முழுசாகவே இருக்கும். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வருகிறவரின் விழித்திரையில் லேசர் தேவைப்படும் நிலை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நாற்பதுக்கு மேல் வருகிற வகைச் சர்க்கரை நோய்க்கு, நோய் இருப்பது தெரிந்த வருடமே விழித்திரையைப் பார்க்க வேண்டும், அப்புறம் வருடம் ஒரு முறை. அம்மாவுக்குப் பத்து வருடம் ஓடிவிட்டது. திட்டுவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் போகிற பயணத்தில் இதுதான் முதல் காரணம், உங்கள் கண்ணாடி நம்பர் இரண்டாவது.

சொட்டு மருந்துக்கு முன்னால் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. பிரஷர் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள், இதயத்துக்கு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். விரிக்கும் மருந்தில் ஒரு வகை ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. சாயங்காலத்தில் கண்ணைச் சுற்றி வலி, தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். சிலருக்குக் கண்ணுக்குள் நீர் வடிகிற கோணம் குறுகலாக இருக்கும், கண்மணி விரிந்தால் அது அடைத்துக்கொண்டு அழுத்தம் திடீரென்று ஏறிவிடும். பரிசோதிப்பவரும் இதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து போடுவார். நீங்கள் சொன்னால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்.

சரி, கையில் கொண்டுபோகும் பைக்கு வருவோம். வீட்டில் இருக்கிற கண்ணாடி அத்தனையும் வேண்டும். இப்போது போடுவது, அதற்கு முன்னால் போட்டது, காது உடைந்து நூல் கட்டி வைத்தது, பஸ் ஸ்டாண்டில் நூறு ரூபாய்க்கு வாங்கிய ரீடிங் கிளாஸ், எல்லாம். எங்களிடம் லென்சோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது; கண்ணாடியை அதில் வைத்தால் பவர் தெரிந்துவிடும். சீட்டு தொலைந்தாலும் கண்ணாடி பேசும்.

ஒரு ரிட்டையர்டு வாத்தியார் ஒரு மஞ்சப்பையில் ஐந்து கண்ணாடி கொண்டுவந்தார். மேசையில் வரிசையாக அடுக்கினார். நாலு அவருடையது, வருடம் ஏற ஏறப் பவரும் ஒழுங்காக ஏறியிருந்தது. ஐந்தாவது பெண்கள் போடுகிற ஃபிரேம், ஒரு பக்க மூக்குத் தாங்கி இல்லை. "இது என் வீட்டுக்காரி போட்டது. அவ போயி மூணு வருஷம் ஆச்சு. இதுலதான் எனக்குப் பேப்பர் தெரியுது" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார். வைத்துப் பார்த்தால் அவர் வயதுக்குத் தேவையானதைவிட ரொம்ப அதிகப் பவர். அந்தக் கண்ணாடியைப் போட்டால் பேப்பரை மூக்குக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும், எழுத்து பெரிதாகத் தெரியும். வெறும் வயசுப் பார்வை என்றால் சரியான பவரிலேயே படிக்க வேண்டும். எழுத்து பெரிதானால்தான் படிக்க முடிகிறது என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சொட்டு மருந்து போட்டு உள்ளே பார்த்தபோது விழித்திரையின் நடுப்பகுதியில் வயதினால் வரும் சிதைவு. அந்த ஐந்தாவது கண்ணாடியை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாலும் டாக்டர் கண்டுபிடித்திருப்பார்தான். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை அது முன்னாலேயே சொல்லிவிட்டது.

கண்ணாடிக்கு அடுத்தது மாத்திரை அட்டை. பெயர் எழுதிக் கொண்டுவருவதைவிட அட்டைகளையே கொண்டுவருவது நல்லது, அல்லது பெயர் தெரிகிற மாதிரி மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "காலைல ஒரு வெள்ளை, ராத்திரி ரோஸ் கலர் பாதி" என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம், அதற்கென்று தனிப் பரிசோதனை உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தொடலாம், முதலில் நிறம் மங்கும். ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் பார்வையைக் கெடுக்காது. ஆனால் பின்னால் கண்புரை ஆபரேஷன் செய்யும்போது கருவிழித் திரை தொளதொளவென்று ஆடும், சர்ஜனுக்கு முன்கூட்டித் தெரிந்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுவது, தோலுக்குத் தடவுவது, மூட்டு வலிக்கு என்று யாரோ கொடுக்கும் பெயரில்லாப் பொட்டலம், கண் அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் சொட்டு மருந்து, இவற்றில் எல்லாம் அது இருக்கலாம். மாதக்கணக்கில் போனால் கண்புரையும் வரும், கண் அழுத்தமும் ஏறும். அந்தச் சொட்டு மருந்து பாட்டில் காலியாக இருந்தாலும் பையில் போடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் விட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். இனிமேல் விட வேண்டாம் என்பதையும் நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட், முடிந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, அதுவும் வேண்டும். இதில் ஒரு நுணுக்கம். ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் நீர் கோத்துப் பவர் மாறும், பெரும்பாலும் கிட்டப்பார்வைப் பக்கம். மருந்தை மாற்றிச் சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது பவர் எதிர்த்திசையில் போகும். அந்த வாரத்தில் நம்பர் பார்த்துக் கண்ணாடி வாங்கினால், ஒரு மாதம் கழித்து அது உங்களுக்குச் சேராது. கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டு திரிவீர்கள். அம்மாவுக்கு இப்போதுதான் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள் என்றால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், கண்ணாடி வாங்குவதை மட்டும் சர்க்கரை சில வாரம் ஒரே நிலையில் நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் ராத்திரி இரண்டு போன் பேச வேண்டும். பெரியப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்ததா என்று கேளுங்கள். டாக்டர்கள் குளுக்கோமா என்பது அதைத்தான். அந்தப் பெயரில் கேட்டால் பெரியவர்களுக்குத் தெரியாது. "தாத்தாவுக்குக் கடைசி காலத்துல கண்ணு தெரியலையே, ஆபரேஷன் பண்ணாங்களா, பண்ணப்புறம் தெரிஞ்சுதா?" என்று கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தெரிந்தது என்றால் அது பெரும்பாலும் கண்புரை. ஆபரேஷன் பண்ணியும் தெரியவில்லை, அல்லது பக்கவாட்டில் வருகிற ஆளைத் தெரியாமல் முட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது என்றால் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். அழுத்த நோய் அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் அது வலிக்காது, முதலில் ஓரப் பார்வையைத்தான் தின்னும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும்.

இந்த நோய்க்கு உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு ஆபரேஷன் பிறந்தது நம் சென்னையில் என்பது பலருக்குத் தெரியாது. எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. அங்கே சூப்பிரண்டாக இருந்த எலியட் என்ற ஆங்கிலேய டாக்டர், விழிவெண்படலத்தில் சின்னதாகத் துளை போட்டு நீரை வடிய விடும் முறையை 1909-ல் எழுதினார். நீங்கள் போகும் மதுரைக்கும் ஒரு கதை உண்டு: முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் கேட்டால் கோபப்படாதீர்கள். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் பரம்பரையாக வரும் சில விழித்திரை நோய்கள் அதிகம் தலைகாட்டும். சின்ன வயதிலேயே ராத்திரியில் தடுமாறுவது அதில் ஒன்று.

இனி உங்கள் 43 வயசுக் கண்ணுக்கு வருவோம். மொபைலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்களா? மருந்துப் பாட்டிலில் காலாவதித் தேதியைப் பார்க்க வாசலுக்குப் போகிறீர்களா? அதற்குப் பெயர் வெள்ளெழுத்து. பழைய ஆட்கள் சாளேசுரம் என்பார்கள். இந்தியில் நாற்பதுக்குச் சாலீஸ், அதிலிருந்து வந்த சொல் என்று சொல்வதுண்டு. நோய் இல்லை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இதற்குக் கண்ணாடி எழுதுகிறவருக்கு ஒரு விவரம் தெரிந்தாக வேண்டும்: நீங்கள் எவ்வளவு தூரத்தில் வேலை செய்கிறீர்கள்?

தையல் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணிலிருந்து கம்ப்யூட்டர் திரைக்கு எத்தனை சென்டிமீட்டர், மொபைலுக்கு எத்தனை, பேப்பருக்கு எத்தனை என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளந்தால் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து பொய் சொல்வீர்கள். அம்மாவுக்கும் அளங்கள்; பூக் கட்டும்போது, அரிசியில் கல் பொறுக்கும்போது. திரை 60 சென்டிமீட்டரில் இருக்கும், பேப்பர் 40-ல், பூச்சரம் 30-க்கும் உள்ளே. ஒவ்வொன்றுக்கும் தேவையான பவர் வேறு.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருவர் வந்தார், 50 வயது இருக்கும். பேப்பர் அட்டையைக் கையில் கொடுத்தேன், 40 சென்டிமீட்டரில் பிடித்துக் கடைசி வரிவரை படித்தார். எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் திரும்பி வந்து கண்ணாடியை மேசையில் வைத்தார். "தம்பி, பேப்பர் நல்லாத் தெரியுது. நான் பேப்பரே படிக்கிறதில்லை." நகைப் பட்டறை ஆசாரி அவர். கல் பதிக்கும்போது கண்ணுக்கும் வளையலுக்கும் இடையில் 25 சென்டிமீட்டர்கூட இருக்காது. நான் தொழில் என்ன என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் கேட்கிறேன். ஆனால் எல்லோரும் கேட்பார்கள் என்று நம்பாதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.

ராத்திரி இன்னொரு சின்னச் சோதனை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் முன்னால் நில்லுங்கள். வலது கண்ணை உள்ளங்கையால் மூடி, இடது கண்ணால் மட்டும் ராசிபலனைப் படியுங்கள். அப்புறம் மாற்றி. விரலால் அழுத்தாதீர்கள், அழுத்தின கண் கொஞ்ச நேரம் மங்கலாகவே இருக்கும். அப்புறம் பாத்ரூம் டைல்ஸ் கோட்டையோ ஜன்னல் கம்பியையோ ஒவ்வொரு கண்ணாக உற்றுப் பாருங்கள். நேர்க்கோடு நெளிந்து தெரிகிறதா, நடுவில் ஏதாவது அழிந்த மாதிரி இருக்கிறதா? இது டாக்டருக்குப் பதில் ஆகாது. ஆனால் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு ஒரு கண் போனதே தெரிவதில்லை. ஒரு முகாமில் ஒரு பாட்டியின் வலது கண்ணை நான் மூடினவுடன், "ஏய்யா, கரண்டு போயிருச்சா?" என்று கேட்டார். இடது கண்ணில் முற்றின கண்புரை. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ, அவருக்கே தெரியாது. நல்லவேளை, ஆபரேஷன் செய்தால் திரும்பிவரும் பார்வை.

காலையில் முகம் கழுவும்போது கண் மை, மஸ்காரா எதுவும் இல்லாமல் வாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அந்த டப்பாவையும், பவர் அச்சடித்த அட்டைப் பெட்டியையும் கொண்டுவர வேண்டும். முந்தின நாளே கழற்றிவிட்டுக் கண்ணாடியில் இருப்பது நல்லது. கண்ணாடி இல்லாமல் இருக்க லேசர் செய்துகொள்ள அளவெடுக்கப் போகிறவர்களுக்கு இது போதாது, வாரக்கணக்கில் கழற்றி வைக்கச் சொல்வார்கள், எத்தனை வாரம் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வராதீர்கள்.

உள்ளே நடப்பது இது. முதலில் ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்வார்கள். ரோட்டின் கடைசியில் ஒரு பலூனோ வீடோ தெரியும், மங்கலாகி, தெளிவாகும். மெஷின் ஒரு நம்பரைக் காகிதத்தில் துப்பும். அது ஆரம்பப் புள்ளி மட்டுமே. அதை அப்படியே வைத்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு எழுத்து அட்டை. 1862-ல் ஹாலந்து நாட்டு டாக்டர் ஸ்னெல்லன் வெளியிட்ட கணக்குதான் இன்றும். ஆறு மீட்டரில் இயல்பான கண்ணுக்குத் தெரிய வேண்டிய வரியை ஆறு மீட்டரில் நீங்களும் படித்தால் 6/6. இயல்பான கண் உள்ளவர்கள் அறுபது மீட்டரிலிருந்தே படிக்கிற பெரிய எழுத்தை நீங்கள் ஆறு மீட்டருக்கு வந்துதான் படிக்கிறீர்கள் என்றால் 6/60. தமிழ் எழுத்து அட்டை கேட்டால் வைப்பார்கள். எழுத்தே தெரியாது என்றாலும் பிரச்சினை இல்லை, ஆங்கில E மாதிரி இருக்கும் எழுத்தின் மூன்று கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையைக் காட்டினால் போதும்.

கண்ணைச் சுருக்கிப் படிக்காதீர்கள். சுருக்கினால் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், அதனாலேயே பவர் தப்பாகும். முந்தின ஆள் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. அதில் யார் ஏமாறுகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சந்தேகமாகத் தெரிகிற எழுத்தை ஊகித்துச் சொல்லலாம், தப்பானால் தப்பு. "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் "ஒரே மாதிரி" என்பதுதான் சரியான பதில். நாங்கள் தேடுவதே அந்த இடத்தை.

அம்மா அந்த நாற்காலியில் உட்காரும்போது நீங்கள் வெளியே இருங்கள், அல்லது வாயை மூடிக்கொண்டு இருங்கள். சொல்வதற்கு மன்னிக்கவும். பின்னால் நின்றுகொண்டு "அம்மா, அது 'ப'ம்மா, நல்லாப் பாரு" என்று எடுத்துக்கொடுக்கும் மகன்களால் எத்தனை பேருக்குப் பவர் மாறிப்போகிறது! நம் அம்மாக்கள் எதைக் கேட்டாலும் "தெரியுது, தெரியுது" என்பார்கள், எழுதுகிறவருக்கு வேலை வைக்கக்கூடாது என்று. முந்தின நாளே சொல்லி வையுங்கள்: தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லத்தான் போகிறோம்.

நடுவில் ஓட்டைகள் போட்ட ஒரு கறுப்புத் தகட்டைக் கண்முன் வைத்துப் படிக்கச் சொல்வார்கள். அது வழியாகத் தெளிந்தால் கோளாறு பவரில்தான், கண்ணாடி உதவும். தெளியாவிட்டால் கண்புரை, விழித்திரை, நரம்பு என்று வேறு எங்கோ தேட வேண்டும். அந்தத் தகடு சில ரூபாய்தான் இருக்கும், எங்கள் அறையில் அதைவிடப் புத்திசாலியான கருவி கிடையாது. பிறகு கண் அழுத்தத்தை அளக்க, கண்ணில் புஸ் என்று காற்று அடிக்கும் மெஷின். திடுக்கிட வைக்கும், வலிக்காது. சில இடங்களில் மரப்பு மருந்து, மஞ்சள் சாயம் போட்டு நீல வெளிச்சத்தில் அளப்பார்கள், அது இன்னும் துல்லியம். 10-லிருந்து 21 வரை பொதுவாக இயல்பு என்பார்கள். ஆனால் 18 என்று வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம், இயல்பான அழுத்தத்திலேயே நரம்பு கெடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் சொட்டு மருந்து போட்டு நரம்பையும் பார்ப்பது.

வெளியே வரும்போது கண்ணாடிச் சீட்டோடு மட்டும் வராதீர்கள். கண்ணாடி போட்டால் ஒவ்வொரு கண்ணிலும் பார்வை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, நரம்பு எப்படி, விழித்திரையில் சர்க்கரையின் அடையாளம் உண்டா, அடுத்து எப்போது வர வேண்டும், இந்த ஐந்தையும் எழுதி வாங்குங்கள். அம்மாவுக்குக் கோளாறு ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுத்த வருடம் இதே மாதம். உங்களுக்கு எல்லாம் சரியாக இருந்தால் டாக்டர் சொல்கிற இடைவெளி, பெரும்பாலும் இரண்டு வருடம் என்பார்.

அதற்குள் திடீரென்று கண்முன் கறுப்புப் புள்ளிகள் கொசுக்கூட்டம் மாதிரிப் பறந்தாலோ, மின்னல் அடித்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கினாலோ, கண் சிவந்து தலைவலியோடு வாந்தி வந்தாலோ தேதியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள். சுண்ணாம்போ ஆசிடோ தெறித்தால் கிளம்புவதற்கும் முன்னால் குழாயைத் திறந்து கால் மணி, அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள், அப்புறம் ஆட்டோ.

புதுக் கண்ணாடி வந்ததும் நாலைந்து நாள் தரை மேடு பள்ளமாகத் தெரியலாம், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மாவை. பத்து நாளாகியும் சேரவில்லை என்றால் கூச்சப்படாமல் எழுதிய இடத்துக்கே எடுத்துப் போங்கள். பழைய கண்ணாடியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த வருடம் பையில் அதுவும் வர வேண்டும்.